விருந்தோம்பலும் திருச்சபையும்

"விருந்து என்னும் சொல்லின் பொருள் யாது?" என நம் தமிழாசிரியர் ஒருநாள் வகுப்பில் வினவினார். நம்முட் சிலர், "சுவைமிக்க உணவு" என்றனர். வேறு சிலர், "உறவினரை அழைத்து உண்பித்தல்" என்றனர். ஆசிரியர் முறுவலித்து, "உணவும் அன்று, உறவும் அன்று, புதுமை என்பதே அதன் முதற்பொருள்" என்றார். அன்று தொட்டு அச்சொல் நம் நெஞ்சை விட்டு அகன்றிலது. பின்னர் நம் ஊர்க் கோயிலில் நிகழ்ந்த சிறு நிகழ்ச்சி ஒன்று, நூலிற் கற்றதினும் ஆழமாக அதன் பொருளை நமக்குக் கற்பித்தது. அதனை இறுதியிற் கூறுவாம். திருச்சபையாகிய அன்புக் குடும்பத்தில் விருந்தோம்பல் பெறும் இடம் யாது, அஃது எவ்விடத்துக் குறைவுபடுகின்றது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொல்காப்பியனார் செய்யுளியலில் எண்வகை வனப்பினைக் கூறுமிடத்து, புதியதாக யாக்கப்படும் செய்யுளை விருந்து என்னும் பெயராற் குறித்தனர். புதுமையை உணர்த்திய அச்சொல், ஆகுபெயராய், நம் வாயிலிற் புதியராய் வந்து நிற்பாரை உணர்த்திற்று. அதன் பின்னர் அவர்க்கு இடும் உணவையும் உணர்த்தலாயிற்று. இன்றோ உணவு முன்னே நிற்கின்றது. புதியவர் பின்னே மறைந்துவிட்டனர். ஒரு சொல்லின் வரலாற்றிலேயே நம் வாழ்க்கையின் வரலாறும் பொதிந்திருத்தல் வியப்பன்றோ?

திருவள்ளுவர் இல்வாழ்வான் பேணத்தக்காரை எண்ணுமிடத்து, விருந்தினரை வேறாகவும் சுற்றத்தாரை வேறாகவும் வைத்து எண்ணினர். அவ்விடத்துப் பரிமேலழகர், முன்னைப் பழக்கம் பற்றி நம்மை நாடி வருவார் ஒருவகையினர் என்றும், அத்தகைய பழக்கம் யாதுமின்றி வருவார் மற்றொரு வகையினர் என்றும் விருந்தினரை இரு கூறாகப் பகுத்துக் காட்டினர். சுற்றத்தாரை உண்பித்தல் நல்லதோர் அறமே. ஆயின் அதற்குச் சுற்றந்தழால் என்பது பெயர். அதனைக் கூற வள்ளுவர் பொருட்பாலில் 53-ஆம் அதிகாரத்தைத் தனியே வகுத்தனர். விருந்தோம்பலோ அறத்துப்பாலில் 9-ஆம் அதிகாரம். அதற்கு முன்னர் நிற்கும் 8-ஆம் அதிகாரம் அன்புடைமை. இவ்வைப்பு முறை நோக்கத்தக்கது. அன்பு உள்ளத்தில் உள்ளது. அதனைப் பிறர் காணுதல் இயலாது. அவ்வன்பு அகத்தினின்றும் புறத்தே வந்து, கதவைத் திறந்து, இலை விரித்து, நீர் வார்க்குமிடத்தே அதனை உலகம் காண்கின்றது.

இனி, வேத புத்தகத்தின்பால் நம் கருத்தைச் செலுத்துவோம். புதிய ஏற்பாடு எழுதப்பெற்ற கிரேக்க மொழியில் விருந்தோம்பலைக் குறிக்கும் சொல் பிலொக்ஸெனியா என்பது. அது, அன்பு என்னும் பொருளுடைய சொல்லும் அந்நியன் என்னும் பொருளுடைய சொல்லும் புணர்ந்த தொடர். ஆகவே அந்நியன்பால் வைக்கும் அன்பு என்பதே அதன் நேர்ப்பொருள். ரோமருக்கு எழுதிய நிருபம் 12-ஆம் அதிகாரத்திலும், எபிரெயருக்கு எழுதிய நிருபம் 13-ஆம் அதிகாரத்திலும் இச்சொல் வருகின்றது. நம் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் அவ்விரண்டிடத்தும் அந்நியர் என்னும் சொல்லையே அமைத்தமை அறிந்து மகிழற்பாலது. எபிரெயர் நிருபத்தில் முதல் வசனம் சகோதர அன்பைக் கூற, இரண்டாம் வசனம் அந்நியரைப் பேணுதலைக் கூறுகின்றது. வள்ளுவர் வகுத்த முறையும் அதுவே. இவ்விரண்டிற்கும் தொடர்பு கற்பிக்க நாம் புகுந்தோமல்லேம். அன்பின் இயல்பை உள்ளவாறு உணர்ந்தார் எந்நாட்டினராயினும் ஒரு முடிவையே காண்பர் என்பதே நம் கருத்து.

அக் கிரேக்கச் சொல்லில் மற்றொரு நுட்பமும் உண்டு. க்ஸெனொஸ் என்பது அந்நியனை மட்டுமன்றி, விருந்தாக வருவானையும் விருந்தளிப்பானையும் ஒருங்கே குறிக்கும். ஒரே சொல் வருவானுக்கும் ஏற்பானுக்கும் உரியதாதல் எங்ஙனம்? எம்மாவூர் நிகழ்ச்சி இதற்கு விடை கூறுகின்றது. இருவர் துயரத்தோடு வழி நடக்கின்றனர். அறியாத ஒருவர் அவர்களோடு கூடி நடக்கின்றார். பொழுது சாய்கின்றது. அவர் அப்பாற் செல்பவர்போலக் காட்ட, இருவரும் அவரை வருந்தியழைத்துத் தம்மோடு தங்குவிக்கின்றனர். பந்தியில் அமர்ந்தபின் விருந்தாக வந்தவரே அப்பத்தை எடுத்துப் பிட்டுக் கொடுக்கின்றார். வந்தவர் வரவேற்றவராயினர், வரவேற்றவர் விருந்தினராயினர். அக்கணமே அவர்கள் கண்கள் திறக்கின்றன. வழியிலேயே அவ்வந்நியரை விட்டுச் சென்றிருப்பின், உயிர்த்தெழுந்த பெருமானை அவர்கள் அன்று அறிந்திரார் அன்றோ?

ஆதித் திருச்சபைக்குக் கோயிற் கட்டடங்கள் இல்லை. அடியார் வீடுகளே ஆலயங்களாக விளங்கின. பிலிப்பி நகரில் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அம்மையார் தம் இல்லத்தைப் பவுல் அப்போஸ்தலருக்குத் திறந்து கொடுத்தார். கொரிந்துவில் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும், ஊருக்குப் புதியராய் வந்த பவுலைத் தம்மோடு தங்கவைத்துக் கூடாரத் தொழிலிலும் கூட்டாளியாக்கினர். காயு என்பார் பவுலுக்கு மட்டுமன்றிச் சபை முழுமைக்குமே விருந்தளித்தார் என ரோமர் நிருபத்தின் இறுதி அதிகாரம் கூறும். சிரியா நாட்டில், யூப்பிரட்டீசு ஆற்றங்கரையிலுள்ள டூரா யூரோப்போஸ் என்னும் பழம்பதியை அகழ்ந்தோர், 1931-32-ஆம் ஆண்டுகளில், மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த இத்தகைய வீட்டுக் கோயில் ஒன்றைக் கண்டனர். சாதாரண வீடு ஒன்று, உள் அறைகள் மாற்றியமைக்கப்பெற்றுச் சபை கூடும் இடமாயிற்று. தொழுகைக்குத் திறந்த கதவும் விருந்துக்குத் திறந்த கதவும் அக்காலத்து ஒன்றே என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயின், கதவைத் திறவாதாரும் அன்றே இருந்தனர். யோவான் எழுதிய மூன்றாம் நிருபம் மிகச் சிறியது. அதன் பொருள் முழுவதும் விருந்தோம்பல் பற்றியதே. அந்நியராய் வந்த சகோதரரை ஏற்றுக்கொண்ட காயுவை அது பாராட்டுகின்றது; தாமும் ஏற்காது, ஏற்க விரும்பினாரையும் தடுத்த தியோத்திரேப்பைக் கண்டிக்கின்றது. கொரிந்து சபையிலோ குற்றம் வேறு வகையினது. அங்கே அந்நியரைத் தடுத்தாரில்லை. ஒரே சபைக்குள் செல்வர் முந்தி உண்டு நிறைய, ஏழைகள் பசித்திருந்தனர். அத்தகைய போஜனம் ஆண்டவருடைய இராப்போஜனம் ஆகாது எனப் பவுல் கடிந்தெழுதினார். பந்தி பிழைபடின் வழிபாடும் பிழைபடும் என்பது அவர் முடிபு.

விருந்தோம்புவார் ஏமாற்றப்படுதலும் உண்டே என ஒருவர் கேட்கலாம். முன்னோர் அதனையும் அறிந்திருந்தனர். அப்போஸ்தலர் போதனை எனப்படும் தீதகே என்னும் சிறு நூல் 1873-ஆம் ஆண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்து நூலகம் ஒன்றிற் காணப்பட்டு, 1883-இல் அச்சேறியது. அது முதல் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சார்ந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. அதிலுள்ள விதிகள் சுவையுடையன. ஊர் ஊராய்ச் செல்லும் போதகர் வரின் ஏற்றுக்கொள்க. அவர் ஒருநாள் தங்கலாம். வேண்டின் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்குவாராயின் அவர் பொய்யர். புறப்படுங்கால் அடுத்த தங்குமிடம் மட்டும் போதுமான அப்பம் பெறலாம். பணம் கேட்பின் அவர் பொய்யர். வழிப்போக்கர் இரண்டு மூன்று நாள் தங்கலாம். ஊரிலேயே குடியிருக்க விரும்பின் தமக்குரிய தொழிலைச் செய்து உண்க. இவ்விதிகளுள் கதவை அடைத்து வைக்குமாறு கூறும் விதி ஒன்றும் இல்லை என்பதை நாம் கருதுதல் வேண்டும். முதலில் ஏற்க, பின்னர் ஆராய்க என்பதே அவற்றின் நெறி. நாமோ முதலில் ஆராய்கின்றோம். ஆராய்ச்சி முடிவதற்குள் வந்தவர் போய்விடுகின்றனர்.

இவ்வன்பு புறத்தாராலும் உணரப்பட்டது. கிறிஸ்து மார்க்கத்தை விட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை நிலைநாட்ட முயன்ற உரோமப் பேரரசர் ஜூலியன், 362-ஆம் ஆண்டளவில் கலாத்தியா நாட்டுத் தலைமைப் பூசாரி அர்சாக்கியு என்பாருக்கு எழுதிய ஓலையில், கிறிஸ்தவர் அந்நியர்க்குக் காட்டும் அன்பே அவர்கள் மார்க்கம் பரவுதற்குப் பெரியதொரு காரணம் என ஒப்புக்கொண்டு, நகர்தோறும் அறச்சாலைகள் அமைக்குமாறு பணித்தார். பகைவர் வாய்ச் சான்றினும் வலிய சான்று உளதோ? அதன்பின் சில ஆண்டுகளில் கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகரத்து அத்தியட்சர் பசீலியார், நகரின் புறத்தே வழிப்போக்கர்க்கும் ஏழைகட்கும் நோயாளர்க்கும் பெரிய சாலை ஒன்றை எடுப்பித்தார். மருத்துவரும் பணிவிடை செய்வாரும் ஆண்டு இருந்தனர். ஒருவரும் தீண்ட அஞ்சிய குட்டநோயாளரைப் பசீலியார் தாமே தழுவிக்கொண்டார் எனக் கூறுவர். ஆஸ்பத்திரி என நாம் வழங்கும் சொல்லும் விருந்தினனையும் விருந்தளிப்பானையும் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்ததே. நோயாளனும் முதலில் விருந்தினனாகவே ஏற்கப்பட்டான்.

சாலைகள் பெருகியவழி மற்றொரு தீங்கு தலைகாட்டிற்று. சபை அந்நியரைப் பேணுதற்குச் சாலை வைத்திருக்கின்றதே, நாம் வேறு பேணுதல் எற்றுக்கு என மக்கள் கருதலாயினர். கான்ஸ்டாண்டிநோபிளின் அத்தியட்சராயிருந்த யோவான் கிறிசோஸ்தோம், 400-ஆம் ஆண்டையொட்டி அப்போஸ்தலர் நடபடிகளைப் பற்றி ஆற்றிய பிரசங்கங்களுள் ஒன்றில் இதனை வன்மையாக இடித்துரைத்தார். பிறர் ஜெபிப்பதால் நாம் ஜெபிக்கும் கடமை நீங்காதவாறுபோல, சபை கொடுப்பதால் நாம் கொடுக்கும் கடமையும் நீங்காது என்பது அவர் வாதம். ஒவ்வொருவரும் தம் வீட்டில் ஓர் அறையை ஒழித்து, கட்டிலும் மேசையும் விளக்கும் வைத்து, அதனைக் கிறிஸ்துவின் அறையாக்குக என அவர் வேண்டினார். காணிக்கைப் பையிற் காசு இடுதல் எளிது. அக்காசு அந்நியனுக்கு உணவாகும். ஆயின் அவனோடு உடனிருந்து உண்ணுதல் காசினால் ஆவதன்று. பசியைத் தீர்த்தல் ஈகை. தனிமையையும் சேர்த்துத் தீர்த்தலே விருந்தோம்பல்.

இனி நம் தமிழ்நாட்டுத் திருச்சபையை நோக்குவோம். இந்நாட்டில் அந்நியன் கடல் கடந்துதான் வரவேண்டும் என்பதில்லை. அடுத்த தெருவிலிருந்தும் வருவான். ஒரே ஞானஸ்நானம் பெற்று, ஒரே வேதத்தை ஓதுவாருள்ளும் ஒருவர் கையால் மற்றொருவர் உண்ணாத நிலை நெடுங்காலம் இருந்தது. தஞ்சை முதலிய பழைய சபைகளில் கோயிலினுள்ளும் இருக்கைகள் பிரிந்திருந்தன. கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் 1833-ஆம் ஆண்டில் சுற்றுநிருபம் விடுத்து, சாதி வேற்றுமை சபையினின்றும் முற்றும் நீங்கவேண்டும் எனக் கட்டளையிட்டார். அதனை ஏற்க மறுத்துச் சபையை விட்டு விலகினார் பலர். பெத்லகேம் குறவஞ்சியைப் பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும், சாதி வேற்றுமையை அங்ஙனம் ஒழிக்க முற்பட்ட மிஷனெரிமாரை மறுத்து எழுதியவரே. அவர்தம் பாடல்களை நாம் போற்றுகின்றோம், போற்றுதல் தகும். ஆயினும் பெரும்புலவர் ஒருவர்க்கும் தம் காலத்துப் பந்தியைக் கடத்தல் அரிதாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது.

1850-ஆம் ஆண்டில் சென்னை மிஷனெரிமார் மகாநாடு கூடி, சாதியை விட்டேன் எனக் கூறுவான் எச்சாதியான் சமைத்த உணவையும் உண்ண இசைதலே அதற்கு அடையாளம் என்னும் கருத்தில் தீர்மானம் செய்தது. லைப்சிக் லுத்தரன் மிஷனார் இம்முறைக்கு இசைந்திலர். இவ்வாதத்திற் புகுதல் நம் கருத்தன்று. ஆயின் ஒன்று கூறுவோம். அத்தீர்மானத்தைச் செய்தோர், அன்பின் மெய்ம்மை உண்ணுமிடத்தே வெளிப்படும் என்பதைச் சரியாகவே கண்டனர். ஆயினும் தேர்வுக்காக இடப்படும் உணவு விருந்தாகாது. உண்பானை ஒருவர் உற்று நோக்கிக் கொண்டிருப்பின், அங்கே சோறு உண்டு, விருந்து இல்லை. அச்சத்தால் ஒரு பந்தியில் அமர்ந்தவர், வீட்டிற்கு வந்தவுடன் தம் கதவை முன்போல் அடைத்துக்கொள்ளல் கூடும். இன்றும் சிற்சில ஊர்களில் கல்லறைத் தோட்டமும் பிரிவுபட்டுக் கிடப்பதைக் காண்கின்றோம். சட்டம் பந்தியைச் சமமாக்கும். உள்ளத்தைத் திறப்பது அன்பு ஒன்றே.

அன்பினால் எழுந்த முயற்சிகளும் நம்மிடையே உள்ளன. ஏசுதாசன், ஏர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர், ஒருவர் தமிழர், ஒருவர் ஸ்காத்லாந்தினர், 1921-ஆம் ஆண்டில் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஆளும் இனத்தாரும் ஆளப்படும் இனத்தாரும் ஒருங்கிருந்து உண்ணுதல் அரிதாயிருந்த அக்காலத்தில் இருவரும் ஒரே எளிய உணவை உண்டு, ஒரே வகை உடை உடுத்து, உடன்பிறந்தார்போல் வாழ்ந்தனர். பெரியோர் செயல் இங்ஙனமாக, பெயர் அறியப்படாத நம் தாய்மாரின் செயலும் சிறிதன்று. நாள்தோறும் உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக்கலத்தில் இட்டுவைத்து, அதனைக் கோயிலுக்குக் கொடுக்கும் கைப்பிடி அரிசிக் காணிக்கையை அறியாத தமிழ்க் கிறிஸ்தவ இல்லம் அரிது. வறியோர் வீட்டிலும் அக்கலம் உண்டு. தம் வீட்டார் உண்ணுமுன் தாம் காணாத ஒருவனை நினைத்தல் அன்றோ அது?

திருநெல்வேலிப் பகுதிச் சபைகளில் பிரதிஷ்டைப் பண்டிகை முதலிய நாட்களில் நடைபெறும் அசனமும் அத்தகையதே. அசனம் என்பது உணவு என்னும் பொருள்படும் வடசொல். ஒருவர் அரிசி கொணர்வர். ஒருவர் ஆடு கொணர்வர். ஒருவர் விறகு கொணர்வர். ஒன்றும் இல்லாதார் காய் நறுக்கவும் நீர் இறைக்கவும் வருவர். இரவெல்லாம் அடுப்பெரியும். வடித்த சோற்றை ஓலைப்பாய்களிற் குன்றுபோற் குவிப்பர். போதகர் ஜெபித்தபின் பந்தி தொடங்கும். கிறிஸ்தவர் அல்லாத அயலாரும் வந்து உண்பர். இன்னார் கொடுத்த அரிசி இது எனப் பிரித்தறிய முடியாதவாறு யாவும் ஓர் உலையில் வேகின்றமையின், ஈந்தவன் பெருமையும் உண்டவன் சிறுமையும் அவ்வுலையிலேயே கரைந்து போகின்றன.

இத்துணைச் சிறந்த அசனத்திலேதான் நாம் முற்கூறிய நிகழ்ச்சி நேர்ந்தது. சென்ற ஆண்டுப் பண்டிகைக்கு நாம் ஊருக்குச் சென்றிருந்தோம். பந்திக்கு ஆள்விடும் பொறுப்பு இளைஞராகிய எம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. முதற்பந்தி நன்கொடையாளர்க்கும் சபைப் பெரியோர்க்கும் என வகுத்திருந்தனர். வாயிலருகே வடநாட்டு இளைஞர் மூவர் நின்றுகொண்டிருந்தனர். ஊரின் புறத்தே எழும் கட்டடம் ஒன்றில் வேலை செய்வோர் அவர்கள். பந்தலிட வந்த கூலியாட்கள் என நாம் கருதி, "பிறகு பொட்டலம் தருவோம், அங்கே நில்லுங்கள்" எனக் கையாற் குறிப்புக் காட்டினோம். அவர்களும் தலையசைத்து, மதிற்புறத்தே ஒதுங்கி நின்றனர். வெயிலும் ஏறியது.

பனையோலைப் பெட்டி முடைந்து பிழைக்கும் கைம்பெண்ணாகிய மூதாட்டி ஒருவர் எம்மிடம் வந்தார். "ஏன் ஐயா, அந்தப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைத்திருக்கிறாய்?" என்றார்.

"அவர்கள் வேலையாட்கள், பாட்டி, கடைசியிற் கொடுத்துவிடலாம்" என்றோம்.

"வேலையாட்களா? காலையில் ஆராதனை முடியுமட்டும் எனக்குப் பின்னால் முழங்காலில் நின்றார்களே! நம் பாட்டின் இராகத்தை அவர்கள் பாஷையிற் பாடினார்களே! நீ பார்க்கவில்லையா?"

நாம் பார்க்கவில்லை. முன்வரிசையிற் பாடகர் குழுவோடு அமர்ந்திருந்தோம். பின்வரிசையில் இருப்பார்க்கே பின்னால் நிற்பார் கண்ணிற் படுவர் போலும். மூதாட்டியார் மேலும் ஒன்றும் கூறாது சென்று, மூவரையும் கைபற்றி அழைத்துவந்து, முதற்பந்தியில் தம் இருமருங்கும் அமர்த்திக்கொண்டார். அவரைத் தடுக்க ஒருவரும் துணிந்திலர். அவர்தம் இலையிலிருந்த இறைச்சித் துண்டு ஒன்றைத் தம் அருகிருந்த இளைஞன் இலையில் எடுத்து வைத்ததை நாம் கண்டோம். அச்சோற்றில் அவருடைய கைப்பிடி அரிசியும் இருந்தது என்பதை நினைந்தபோது எம் தலை தாழ்ந்தது. தொல்காப்பியத்திலிருந்து விருந்து என்னும் சொல்லின் பொருளை எடுத்துக்காட்டவல்ல நாம் வாயிலில் நின்றோம். எழுத்தறியாத அவர் அப்பொருளைச் செய்து காட்டினார்.

பின்னர் அவர்களோடு பேசினோம். அவர்களுள் ஒருவர்க்குச் சிறிது தமிழ் தெரியும். அவர்கள் ஜார்க்கண்டு மாநிலத்தினர். ராஞ்சியைச் சூழ்ந்த பகுதியில் ஜெர்மன் தேசத்துக் காஸ்னர் மிஷனார் 1845-ஆம் ஆண்டிற் பணி தொடங்கிய காலத்திற் சபையிற் சேர்ந்த குடும்பத்தின் வழித்தோன்றல்கள். எம் குடும்பத்தினும் அவர்கள் குடும்பமே திருச்சபையில் முந்தியது! யாரை அந்நியர் எனக் கருதி வெளியே நிறுத்தினோமோ அவர்கள் நமக்கு மூத்த சகோதரராய் இருந்தனர். அவர்கள் அவ்வாறு இல்லாதிருப்பினும் எம் பிழை குறையாது. அவர்கள் விருந்தினர் என்பதொன்றே போதும். எனினும் எம் அறியாமையின் ஆழத்தை அன்று கண்டோம்.

கிறிஸ்து பிறந்த நாளுக்கு அடுத்த நாள் அம்மூவரும் மூதாட்டியாரையும் எம்மையும் தம் இருப்பிடத்திற்கு அழைத்தனர். தகரம் வேய்ந்த சிறு கொட்டகை அது. உட்புகுமுன் செம்பில் நீர் கொணர்ந்து எம் கைகளில் வார்த்தனர். விருந்தினரை நீர் வார்த்து வரவேற்றல் அவர்கள் நாட்டு வழக்கமாம். இருந்த ஒரே நாற்காலியை மூதாட்டியார்க்கு இட்டனர். தடித்த கோதுமை ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் பரிமாறினர். ரொட்டியைப் பிட்டு முதலில் எம் தட்டில் வைத்தவர், முன்பு எம் கைக்குறிப்பிற்குப் பணிந்து மதிற்புறத்தே ஒதுங்கியவரே. அப்பொழுது எம்மாவூர் நினைவிற்கு வந்தது. விருந்தினனும் விருந்தளிப்பானும் ஒரே சொல்லாற் குறிக்கப்படுதல் ஏன் என்பதும் விளங்கிற்று.

கல்லூரி அன்பர்காள்! இவ்வரலாற்றை நம் பிழையைப் பறைசாற்றும் விருப்பால் எழுதினோமல்லேம். நம்மைப்போல் நல்லெண்ணம் உடையாரும் எளிதில் இழைக்கக்கூடிய பிழை இது என்பதாலேயே எழுதினோம். நாம் ஒருவரையும் வெறுத்தோமில்லை, வைதோமில்லை, காணவில்லை, அவ்வளவே. அன்பின்மை பெரும்பாலும் பகையாகத் தோன்றுவதில்லை, பாராமுகமாகவே தோன்றுகின்றது. அனிச்சமலர் மோந்தாற் குழையும்; விருந்தினரோ மாறுபட்ட நோக்கினாலேயே குழைவர் என வள்ளுவர் கண்ட உண்மை ஈண்டு நினையத்தக்கது. நோக்கு மாறுபடின் குழையும் உள்ளம், நோக்கே இல்லாதவழி என்னாகும்?

செய்யத்தக்கன அரியனவல்ல. ஆராதனை முடிந்தவுடன் நண்பரைத் தேடி ஓடுமுன், புதியவர் எவரேனும் உளரோ எனப் பின்வரிசையை ஒருமுறை நோக்கலாம். அசனத்தில் முதற்பந்தியைப் புதியவர்க்கென வைக்கலாம், நன்கொடையாளர் பொறுப்பர், பொறாராயின் அவர்தம் நன்கொடையின் இயல்பும் அன்றே புலப்படும். உள்ளூரில் வீடுடைய மாணவர், விடுமுறையில் ஊர் செல்ல இயலாது விடுதியில் தங்கும் தோழர் ஒருவரைத் தம் இல்லத்திற்கு அழைக்கலாம். சிறப்பு உணவு வேண்டுவதில்லை. வீட்டார் உண்பதே போதும். கைம்மாறு கருதுதலும், நம் கொள்கையை ஏற்றுக்கொள்ளுமாறு இலையின் முன் வற்புறுத்தலும் விருந்தைக் கெடுக்கும், அவற்றை விலக்குக.

பெரிய கோயில்களை எடுப்பித்தோம், கல்லூரிகளையும் மருத்துவச் சாலைகளையும் நிறுவினோம், நன்று. ஆயினும் வீட்டுக் கதவையே ஆலயக் கதவாகக் கொண்டிருந்த காலத்தில் திருச்சபை அந்நியர்க்கு அண்மையில் இருந்தது. அவ்வண்மை மீண்டும் எய்தற்குக் கட்டடம் வேண்டா. ஓர் இலை கூடுதலாக விரித்தால் அமையும். அவ்விலையில் அமர்பவர் யாவர் என முன்னரே நாம் அறியோம். அறியாதவரை ஏற்பதே விருந்து.